மெழுகு காக்கும் மின்னாற்றல்

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையிலும் இடுக்கி மாவட்டத்து மூணாற்றிலும் தமிழ் பயிலும் மாணவர் பலர் உளர். அச்சுப்பொறியிலிருந்து அப்போதுதான் வெளிவந்த வினாத்தாளைத் தொட்டால் இளஞ்சூடாக இருப்பதை அவர்கள் அறிவர். அச்சூட்டிற்குக் காரணம் யாது?

லேசர் அச்சுப்பொறியின் மை நீர்மம் அன்று. டோனர் எனப்படும் நுண்தூள். கரியும் நெகிழியும் கலந்த அத்தூள், மின்னேற்றத்தின் ஈர்ப்பால் எழுத்து வடிவில் தாளின்மீது படிகிறது. பின்னர்ச் சூடான உருளை ஒன்று தாளை அழுத்துகிறது. நெகிழி உருகித் தாளைப் பற்றிக்கொள்கிறது. அச்சிடுகையில் செலவாகும் மின்னாற்றலின் பெரும்பகுதி இவ்வுருளையைச் சூடாக்கவே செலவாகிறது.

உருகிய நெகிழி உருளையில் ஒட்டினால் அடுத்த தாள் கறைபடும். அதனைத் தடுக்க முன்பு உருளைமீது சிலிக்கோன் எண்ணெய் தடவினர். பிறகு டோனரிலேயே சிறிதளவு மெழுகைச் சேர்க்கும் முறை வந்தது. சூடு பட்டதும் மெழுகு உருகி, நெகிழிக்கும் உருளைக்கும் இடையே மெல்லிய படலமாகப் பரவுகிறது; தாள் ஒட்டாமல் விலகுகிறது. விரைவில் இளகும் நெகிழியும் அதற்கேற்ற மெழுகும் சேர்ந்தால், குறைந்த வெப்பமே போதுமானது.

டோனருக்குப் பயன்படும் மெழுகுகளுள் கார்னௌபா ஒன்று. பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் ஓலையிலிருந்து கிடைக்கும் இம்மெழுகு, 80 பாகை செல்சியசுக்குச் சற்று மேல் உருகும். கொழிஞ்சாம்பாறை வயல்வெளிகளில் நிற்கும் பனையும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. முன்னோர் பனையோலையில் எழுத்தாணியால் கீறி, கரி பூசி எழுத்தைத் துலங்கச் செய்தனர். ஓலைச்சுவடிக்கு மின்சாரம் வேண்டியதில்லை. இன்றைய அச்சுத்தாளுக்கு வேண்டும்.

அம்மின்சாரம் எங்கிருந்து வருகிறது? மூணாற்றுக்கு அருகே பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. இடுக்கி அணையின் நீரால் மூலமட்டம் நிலத்தடி மின்நிலையம் 1976 முதல் இயங்குகிறது. மழை பொய்த்தால் அணை நீர் குறையும். மின் உற்பத்தியும் குறையும். ஆதலின் அச்சிடுகையில் மிச்சமாகும் சிறு வெப்பமும் அணையில் மிச்சமாகும் நீரே ஆகும்.

சொற்பொருள்
நீர்மம் – திரவம்
துலங்க – தெளிவாகத் தெரிய
பொய்த்தால் – பெய்யாது போனால்

பயிற்சி
1. டோனரில் மெழுகு ஆற்றும் பணி யாது?
2. பிரித்து எழுதுக: அச்சூடு, பனையோலை.
3. தேவையற்ற தாள்களை அச்சிடாமை அணை நீரைக் காப்பது எவ்வாறு? ஐந்து வரிகளில் எழுதுக.