பாம்பன் பாலம் சொல்லித் தரும் பணப் பாடம்: உங்க வீட்டுக்கு இரண்டாவது பாலம் இருக்கா?

பாலத்துக்கும் பட்ஜெட்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. இருக்கு, பாருங்க.

பாம்பன் ரயில் பாலம் 1914-ல் திறக்கப்பட்டது. 1988-ல் சாலைப் பாலம் வரும் வரை ராமேஸ்வரம் தீவுக்கு இருந்த ஒரே பாலம் அதுதான். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிஞ்சது, பாலமும் சேதமாச்சு. தீவே துண்டிக்கப்பட்டது.

அடுத்து 2022 டிசம்பரில், பழைய பாலம் பலவீனமானதால் ரயில் நிறுத்தப்பட்டது. புதிய பாலம் திறந்தது 2025 ஏப்ரல் 6-ல். இரண்டு வருஷத்துக்கு மேல ரயில் இல்லை. ஆனா தீவு முடங்கலை. காரணம், பக்கத்திலேயே சாலைப் பாலம்.

இப்போ உங்க வருமானத்தைப் பாருங்க. அது ஒத்தைப் பாலமா?

தெரிஞ்சே வரும் நிறுத்தம்

இந்தக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. இது திடீர் செலவு இல்லை, காலண்டரில் இருக்கிற செலவு.

கணக்கு எளிது. மாதச் செலவு 15,000 ரூபாய்னா, இரண்டு மாசத்துக்கு 30,000. மீதி 10 மாசத்தில் மாசம் 3,000 எடுத்து வைக்கணும். பாடு நல்லா இருக்கிற மாசம் கூடுதலா போடுங்க. இதுக்குத் தனி சேமிப்புக் கணக்கு வைங்க. இல்லைன்னா மே மாசம் நகை அடகுக் கடைக்குப் போகும்.

தெரியாம வரும் நிறுத்தம்

புயல், விபத்து, நோய். இதுக்கு மூணு மாசச் செலவு அவசர நிதியா வேணும். கூடவே, வருஷம் 20 ரூபாய் பிரீமியத்தில் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு தருது. வயது 18 முதல் 70 வரை, வங்கிக் கணக்கு இருந்தா போதும்.

பலரும் செய்யும் தப்பு

இரண்டாவது வருமானம்னு படகில் பங்கு, ஐஸ் வியாபாரம், கருவாடுன்னு எல்லாத்தையும் கடலை நம்பியே வைப்பாங்க. தடைக்காலம் வந்தா எல்லாமே ஒரே நாளில் அடிபடும். இரண்டாவது பாலம், முதல் பாலம் நிக்கிற அதே நாளில் நிக்கக் கூடாது. தையல், டியூஷன், ஆட்டோ, எதுவானாலும் கரையில் ஓடுற ஒண்ணா இருக்கட்டும்.

இன்னிக்கே ஒரு பேப்பர் எடுங்க. வருமானம் வரும் வழிகளை எழுதுங்க. தடைக்காலத்தில் நிக்கிறதை எல்லாம் அடிச்சிடுங்க. மீதி எத்தனைன்னு கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோவில் சந்திப்போம்!