மேல்முறையீடு இரண்டாவது விசாரணை அல்ல

ஒன்ராறியோவில் வாடகை வழக்குகளைத் தீர்ப்பது எல்.ரி.பி. எனப்படும் வீட்டு உரிமையாளர் – வாடகையாளர் வாரியம். அதன் கட்டளை பாதகமாக வந்ததும் எல்லோரும் சொல்லும் ஆலோசனை ஒன்றுதான்: "அப்பீல் போடுங்கோ." போடுவதற்கு முன் சிலவற்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம்.

நம்பிக்கை: நடந்ததையெல்லாம் மேல்நீதிமன்றத்தில் மறுபடி சொல்லலாம்.

உண்மை: 2006ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் 210ஆம் பிரிவின்படி, அப்பீலைக் கேட்கும் டிவிஷனல் நீதிமன்றம் சட்டக் கேள்வியை மட்டுமே விசாரிக்கும். வாடகையைக் காசாகக் கொடுத்தேன் என்கிறீர்கள். வீட்டுக்காரர் இல்லை என்கிறார். வாரியம் அவரை நம்பிவிட்டது. யாரை நம்புவது என்பது சட்டக் கேள்வி அல்ல; அதற்கு அங்கே வழியில்லை. உங்கள் சாட்சியைக் கேட்கவே வாரியம் மறுத்திருந்தால் வழியுண்டு. அன்று காட்ட மறந்த பற்றுச்சீட்டை இப்போது நீட்டினால் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள்.

நம்பிக்கை: விசாரணையைத் தவறவிட்டவருக்கும் அப்பீல்தான் வழி.

உண்மை: வாரியத்திடமே மீளாய்வு கேட்கலாம். நியாயமான காரணத்தால் பங்கெடுக்க முடியாமல் போனாலோ, கட்டளையில் பாரதூரமான பிழை இருந்தாலோ அது பொருந்தும். செலவும் குறைவு.

நம்பிக்கை: வாடகைப் பாக்கிக்காக வெளியேறச் சொன்னால் அப்பீல் இல்லாமல் தப்ப முடியாது.

உண்மை: கட்டளையில் குறித்த திகதிக்குள், அதில் சொன்ன பாக்கியையும் வீட்டுக்காரரின் விண்ணப்பக் கட்டணத்தையும் முழுதாகக் கட்டினால் வெளியேற்றக் கட்டளை செல்லாது.

நம்பிக்கை: அப்பீல் போட்டால் வாடகை கட்டாமலே காலத்தை ஓட்டலாம்.

உண்மை: அப்பீல் போட்டதும் வெளியேற்றம் பொதுவாக நிற்கும். ஆனால், இழுத்தடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று கண்டால் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கும். அப்பீலையே தூக்கியெறிந்ததும் உண்டு. மாத வாடகையைத் தவறாமல் கட்டவேண்டும் என்று நிபந்தனையும் போடும்.

நம்பிக்கை: வாரியத்தில் பேசிய பராலீகலே (லோயர் அல்லாத, உரிமம் பெற்ற சட்டப் பிரதிநிதி) அப்பீலிலும் பேசுவார்.

உண்மை: அவருடைய உரிமம் டிவிஷனல் நீதிமன்றத்துக்குச் செல்லாது. லோயரைப் பிடிக்கவேண்டும், அல்லது நீங்களே வாதாடவேண்டும். அப்பீல் போட, கட்டளை கிடைத்ததிலிருந்து 30 நாட்கள்தான் அவகாசம்.

நம்பிக்கை: வெளியேற்றக் கட்டளை கையில் இருந்தால் வீட்டுக்காரரே பூட்டை மாற்றலாம்.

உண்மை: வெளியேற்றும் அதிகாரம், கட்டளைகளை நிறைவேற்றும் அதிகாரியான ஷெரிஃபுக்கு மட்டுமே.

ஆகவே முதல் வேலை, கட்டளையில் எழுதப்பட்ட காரணங்களை வரிவரியாக வாசிப்பது. எந்தச் சட்டத்தை வாரியம் எங்கே பிழையாகக் கையாண்டது என்று ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லையென்றால், அப்பீலுக்குக் கொட்டும் பணத்தைப் பாக்கிக்கே கட்டலாம்.