மூலையிலிருந்த பிரம்பு



நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் உங்கள் பிள்ளை ஒரு பாத்திரத்தைத் தவறவிட்டு உடைத்துவிட்டதென்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் திரும்பி வரும்போது அது என்ன செய்யும்? வாசலுக்கு ஓடிவந்து உள்ளதைச் சொல்லுமா? அல்லது உடைந்த துண்டுகளை ஒளித்துவிட்டுப் பூனையின்மேல் பழி போடுமா? உங்கள் வீட்டுக் கண்டிப்பு நல்லதா, கெட்டதா என்று அறிய வேறு சோதனை வேண்டாம். இந்த ஒரு கேள்வியே போதும்.

வட இத்தாலியில் பெக்கி என்னும் சிற்றூரில் 1815-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ந் தேதி பிறந்தவர் புனித ஜான் போஸ்கோ. அவருக்கு இரண்டு வயது நிரம்புமுன்னே தகப்பனார் காலமானார். தாயார் மார்கரீத்தா அம்மாள் எழுதப் படிக்கத் தெரியாதவர். கணவருடைய மூத்த தாரத்து மகன் ஒருவன், தாம் பெற்ற மக்கள் இருவர், வயோதிகத்தால் தளர்ந்த மாமியார், இத்தனை பேரையும் அந்த விதவைத் தாய் நிலத்தில் பாடுபட்டுக் காப்பாற்றினார்.

அந்த வீட்டின் மூலையில் ஒரு பிரம்பு இருந்தது. பிள்ளைகள் எல்லாரும் பார்க்கும்படியாகவே அது இருந்தது. ஆனால் அதைக்கொண்டு அந்தத் தாய் பிள்ளைகளை அடித்ததில்லை என்று புனிதரின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்லுகிறார்கள்.

ஒரு நாள் தாயார் வெளியே போயிருந்தபோது, சிறுவன் ஜான் உயரத்திலிருந்த ஏதோ ஒன்றை எடுக்க நாற்காலியின்மேல் ஏறினான். எண்ணெய்ச் சாடி கீழே விழுந்து உடைந்தது. ஏழை வீட்டில் எண்ணெய் எவ்வளவு அருமையான பொருள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிந்தியதைத் துடைத்துப் பார்த்தான், கறை போகவில்லை. உடனே வேலியோரம் போய் ஒரு குச்சியை வெட்டி, அதன் பட்டையை அழகாகச் செதுக்கினான். தாயார் வரும் வழியில் எதிரே போய், நடந்ததை உள்ளபடி சொல்லி, தன்னை அடிப்பதற்கு அந்தக் குச்சியை நீட்டினான். தாயார் சிரித்து, அவனை மன்னித்து, இனி எதையும் யோசித்துச் செய்யும்படி புத்தி சொன்னார்.

பெற்றோரே, இதைக் கேட்டு, "அந்தத் தாய் செல்லம் கொடுத்துவிட்டாள்" என்று எண்ணாதீர்கள். தப்புக்குத் தண்டனை உண்டென்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் குச்சியை வெட்டிக்கொண்டு போனான். ஆனால் தாயிடம் உண்மையைச் சொல்ல அவன் பயப்படவில்லை. தப்புக்குப் பயம், உண்மைக்குப் பயமின்மை: இவ்விரண்டும் சேர்ந்திருப்பதே கிறிஸ்தவ வீட்டுக் கண்டிப்பு.

நம்மில் அநேகருடைய வீட்டில் நடப்பதென்ன? கண்ணாடித் தம்ளர் ஒன்று கை தவறி விழுந்தால் பளீரென்று அறை விழுகிறது. அதே பிள்ளை அண்டை வீட்டாரிடம் சாமர்த்தியமாக ஒரு பொய் சொன்னால், "என்ன கெட்டிக்காரத்தனம்!" என்று சிரிக்கிறோம். பொருளின் விலையைப் பார்த்துத் தண்டிக்கிறோமே தவிர, குற்றத்தின் தன்மையைப் பார்த்துத் தண்டிப்பதில்லை. சாவான பாவத்திற்குக் கனமான விஷயமும், முழு அறிவும், முழு மனச்சம்மதமும் வேண்டுமென்று திருச்சபை நமக்குக் கற்பிக்கிறது. சர்வேசுரன் நம்மை நிறுக்கும் தராசு அது. அந்தத் தராசையே வீட்டிலும் பிடியுங்கள். கை தவறி நடந்தது வேறு, கீழ்ப்படியாமை வேறு, பொய் வேறு. மூன்றுக்கும் ஒரே அடி கொடுக்கிற வீட்டில் பிள்ளை கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: அகப்படாமல் இருப்பது எப்படி என்பது.

இதில் ஆத்துமத்திற்கே ஆபத்து உண்டு. தாய் தகப்பனிடம் உள்ளதைச் சொல்லப் பயந்து வளர்ந்த பிள்ளை, பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மாத்திரம் ஒளிக்காமல் சொல்லும் என்று எப்படி நம்புவது? பரம தந்தையின் இரக்கத்தைப் பிள்ளை முதன்முதல் படிக்கும் புத்தகம் பெற்றோரின் முகமே.

அப்படியானால் கண்டிக்கவே கூடாதா? பழைய ஏற்பாட்டில் குருவாகிய ஏலியை நினைத்துப் பாருங்கள். அவருடைய மக்கள் காணிக்கைகளை அவமதித்துப் பெரும் பாவம் செய்தார்கள். ஏலி அவர்களுக்குப் புத்தி சொல்லாமலில்லை, சொன்னார். ஆனால் தடுக்கவில்லை. அதற்காகவே ஆண்டவருடைய தீர்ப்பு அவர் குடும்பத்தின்மேல் வந்ததென்று சாமுவேல் ஆகமத்தில் வாசிக்கிறோம். நாள் முழுவதும் வாயால் திட்டி, ஒன்றையும் தடுக்காத பெற்றோர் ஏலியின் வழியில் நடக்கிறார்கள். சொன்ன தண்டனை சிறியதாயிருக்கட்டும். ஒரு நாள் விளையாட்டை நிறுத்துவதோ, கைபேசியைக் கொடாதிருப்பதோ, உடைத்ததைத் தானே பெருக்கி அள்ளச் சொல்லுவதோ போதும். ஆனால் சொன்னதைச் சொன்னபடி செய்யுங்கள்.

கோபம் தணியுமுன் தண்டிக்கவேண்டாம். காரியாலயத்தில் பட்ட அவமானத்திற்கும், கடன்காரன் பேசிய பேச்சுக்கும் பிள்ளையின் முதுகு பொறுப்பல்ல. பிள்ளையைத் திருத்த வேண்டும்; ஆனால் அதைப் பகைவனாகவோ, நம் எரிச்சலைக் கொட்டும் இடமாகவோ நடத்தலாகாது என்று பாப்பரசர் பிரான்சிஸ் 2016-ஆம் ஆண்டு குடும்பங்களைக் குறித்து எழுதிய நிருபத்தில் போதித்திருக்கிறார்.

இன்னும் ஒரு காரியம். ஜான் முதல் பாவசங்கீர்த்தனம் செய்யும் நாள் வந்தபோது, மார்கரீத்தா அம்மாளே அவனுக்கு ஆயத்தம் செய்வித்து, கோவிலுக்கு அழைத்துப் போனார். முதலில் தாம் முழந்தாளிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்தார். பிறகே மகனை அனுப்பினார். தாயும் மன்னிப்புக் கேட்கிறவள் என்பதை மகன் கண்ணாரக் கண்டான். நீங்களும் ஆராயாமல் அடித்துவிட்டால், "நான் செய்தது தப்பு" என்று பிள்ளையிடம் சொல்லத் தயங்காதீர்கள். அதனால் உங்கள் அதிகாரம் குறையாது. தங்கள் குறைகளைப் பிள்ளைகளிடம் ஒத்துக்கொள்ளத் தெரிந்த பெற்றோரே அவர்களை நன்றாய் நடத்தித் திருத்தக் கூடியவர்கள் என்று 1992-ஆம் ஆண்டு வெளியான திருச்சபையின் ஞானோபதேச நூலும் கூறுகிறது.

அந்தத் தாயிடம் வளர்ந்த மகன் குருவாகி, தூரின் நகரில் ஆதரவற்ற சிறுவர்களைச் சேர்த்துக் காத்தார். 1846-ஆம் ஆண்டில் தாயாரும் அங்கே வந்து, 1856-ல் மரிக்கும்வரை அச்சிறுவர்களுக்கும் தாயாக உழைத்தார். நியாயம், தேவபக்தி, அன்பு ஆகிய மூன்றினால் பிள்ளைகளைத் தப்பு நேருமுன்னே காக்கும் முறையைப் புனிதர் 1877-ல் எழுதி வைத்தார். அவர் ஏற்படுத்திய சலேசிய சபைக் குருக்கள் 1906-ஆம் ஆண்டு தஞ்சாவூருக்கு வந்து, அம்முறையை நம் நாட்டிலும் நடத்தினார்கள். அந்த முறைக்கு வித்து பெக்கி கிராமத்துக் குடிசையில் விழுந்தது.

இந்த வாரத்தில் மூன்று காரியம் செய்யுங்கள்:

1. தப்பைக் கண்டவுடன், "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று கேட்டு, மறுமொழியை முழுவதும் கேளுங்கள். மூன்று நாள் தேடியலைந்து தேவாலயத்தில் சேசு பாலகனைக் கண்ட தேவமாதாவும் காரணத்தையே முதலில் கேட்டார்கள்.

2. தானாக வந்து உண்மையைச் சொல்லும் பிள்ளைக்குத் தண்டனையில் பாதியையாவது குறையுங்கள்.

3. இரவு ஜெபமாலை முடிந்ததும், அன்று செய்த தப்புகளை நினைக்கச் சற்று மௌனமாயிருங்கள். தகப்பனும் தாயும் முதலில் தலை குனியட்டும்.

மூலையில் பிரம்பு இருக்கட்டும், பெற்றோரே. அதன்மேல் தூசி படியட்டும். உங்கள் காலடிச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் ஒளியாமல், வாசலுக்கு ஓடிவரும்படி திருக்குடும்பம் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பதாக.