எந்த மருந்தால் இந்தத் தடிப்பு?

மாத்திரை உண்டபின் உடலில் தடிப்பு எழுந்தால், எம்மருந்தால் வந்தது என்று எவ்வாறு அறிவது? முதலில் நாட்கணக்கைப் பார்க்கவேண்டும். பெனிசிலின் ஒவ்வாதவருக்கு ஒரு மணி நேரத்திற்குள்ளேயே காஞ்சொறி பட்டாற்போல் தடித்து அரிக்கலாம். செம்புள்ளிகளாகப் பரவும் வகையோ பெரும்பாலும் மருந்து தொடங்கி 4 முதல் 14 நாட்களுக்குள் வரும். ஆகவே நேற்று உண்டதை மட்டும் நினைவுகூர்ந்தால் போதாது.

சல்ஃபா மருந்துகளால் சிலருக்கு வரும் கருந்திட்டு விந்தையானது. அதே மருந்தை மீண்டும் உண்டால் அதே இடத்திலேயே தோன்றும். உதட்டில் வந்தது உதட்டிலேயே! இதைவிடச் சான்று வேண்டுமோ?

வலிப்புக்கான கார்பமசெபைன் போன்றவற்றை உண்பவருக்கு வாய்ப்புண், கண்சிவப்பு, தோல் உரிதல் கண்டால் உயிருக்கே ஆபத்து. உடனே மருத்துவமனை சேரவேண்டும். அங்கே கேட்கும் முதற்கேள்வி மருந்தின் பெயர். நம் வீடுகளிலோ "வெள்ளை மாத்திரை" என்போம். பெயர் அச்சிட்ட அட்டையைக் குப்பையில் எறிந்துவிட்டால் மருத்துவர் எதைக் கொண்டு கண்டுபிடிப்பார்?