தேர்ச்சி விகிதம் இருக்க, ‘அட்டெயின்மென்ட்’ எதற்கு?

கேள்வி: டிகிரி கல்லூரி ஒன்றில் பி.காம். மாணவர்களுக்குக் கணக்கியல் எடுக்கிறேன். ‘நாக்’ குழு வரப்போகிறது என்றதும் ‘சிஓ–பிஓ அட்டெயின்மென்ட்’ போட்டுத் தரச் சொல்கிறார்கள். தேர்ச்சி விகிதத்தைத்தான் ஏற்கெனவே கொடுத்துவிட்டோமே! மார்க் சொல்லாத எதை இந்த அட்டவணை சொல்லிவிடப் போகிறது?
— ஒரு விரிவுரையாளர், அல்சூர், பெங்களூரு

பதில்: அல்சூர் ஏரிக்கரையிலிருந்து நகரத்தைக் குறுக்கே கடந்து மேற்கே போனால் நாகரபாவி. 1994-இல் தொடங்கிய நாக், அதாவது தேசிய மதிப்பீடு மற்றும் தர அங்கீகாரக் குழு, அங்கேதான் இருக்கிறது. உங்கள் கேள்விக்கான துப்பு அவர்கள் 2017-இல் மாற்றியமைத்த வழிமுறையிலேயே கிடைக்கிறது. 2.6.2 என்ற இடத்தில் கற்றல் விளைவுகள் எட்டப்பட்டனவா என்று கேட்கிறார்கள், அடுத்த 2.6.3-இல் தேர்ச்சி விகிதம் கேட்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான் என்றால் இரண்டு இடத்தில் கேட்டிருக்க மாட்டார்கள்.

சிஓ, அதாவது பாட விளைவு என்பது உங்கள் பாடம் முடிந்ததும் மாணவருக்கு என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று நீங்கள் எழுதிவைக்கும் வரி. பிஓ, அதாவது பட்டப்படிப்பு விளைவு, படிப்பு முழுவதையும் முடித்தவரிடம் எதிர்பார்ப்பது. அட்டெயின்மென்ட், அதை எத்தனை பேர் எட்டினார்கள் என்ற கணக்கு.

மார்க் வந்தால் பாடம் வந்துவிட்டது என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் மார்க் ஒரு கூட்டுத்தொகை. மளிகைக்கடை பில்லின் கடைசி வரியைப் பார்த்து, வீட்டில் பருப்பு இருக்கிறதா என்று சொல்ல முடியாது. தலா 10 மார்க்கில் மூன்று கேள்விகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்: தேய்மானம் கணக்கிடுவது, இறுதிக் கணக்குகள் தயாரிப்பது, தயாரித்த கணக்கைப் பார்த்து அந்த நிறுவனத்தின் நிலைமையைச் சொல்வது. ஒருவர் 10, 10, 0 வாங்குகிறார். இன்னொருவர் 6, 7, 7. இருவருக்கும் 20 மார்க், இருவரும் தேர்ச்சி. முதலாமவர் கணக்கைப் பிழையில்லாமல் போடுவார், ஆனால் அது என்ன சொல்கிறது என்று கேட்டால் விழிப்பார். உங்கள் வகுப்பில் பாதிப்பேர் அப்படி இருந்தாலும் தேர்ச்சி விகிதம் அசையாமல் அப்படியே நிற்கும்.

நீங்கள் சலித்துக்கொள்வதிலும் நியாயம் இருக்கிறது. பல கல்லூரிகளில் போடப்படும் அட்டவணை உண்மையிலேயே எதையும் சொல்வதில்லை. பல்கலைக்கழகத் தேர்வின் விடைத்தாள்கள் வெளியே திருத்தப்பட்டு, கல்லூரிக்கு மொத்த மார்க் மட்டும் வருகிறது. அந்த ஒரே எண்ணைப் பாடத்தின் எல்லா சிஓக்களுக்கும் சமமாக ஒட்டிவிட்டால் தேர்ச்சி விகிதமே வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கும். கேள்விவாரியாகத் தகவல் உங்கள் கையில் இருப்பது இன்டர்னல் தேர்வில்தான்.

அதிலும் சாய்ஸ் ஒரு பொறி. 50 பேர் வகுப்பில் மூன்றாவது கேள்வியை 12 பேர்தான் தொட்டார்கள், அவர்களில் 9 பேர் நன்றாக எழுதினார்கள் என்றால் எட்டியவர்கள் எத்தனை சதவீதம்? எழுதியவர்களை மட்டும் எண்ணினால் 75. வகுப்பு முழுவதையும் எண்ணினால் 18. தவிர்த்த 38 பேருக்கும் தெரியாது என்று அடித்துச் சொல்லவும் முடியாது. ஆகவே ஒரு விளைவை அளக்க வேண்டுமென்றால் அதற்கான கேள்வி கட்டாயக் கேள்வியாக இருக்க வேண்டும். எக்செல் சூத்திரம் எதுவும் இதைச் சரிக்கட்டித் தராது.

இங்கே ஒரு வேடிக்கை. கேள்வித்தாளில் ‘எல் 1, எல் 2’ என்று நிலை குறிக்கச் சொல்கிறார்களே, அது அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் ப்ளூம் குழுவினர் 1956-இல் வெளியிட்ட வகைப்பாட்டின் வழிவந்தது. நினைவுகூர்வதில் தொடங்கிப் படிப்படியாகக் கடினமான சிந்தனைக்குப் போகும் ஏணி அது. 1948-இல் பாஸ்டனில் ஒரு மாநாட்டுக்கு வந்த கல்லூரித் தேர்வாளர்கள், நல்ல கேள்விகளை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொண்டால் வேலை குறையுமே என்று பேசிக்கொண்டதில் முளைத்த யோசனை! அதே 1948-இல் இங்கே ராதாகிருஷ்ணன் தலைமையில் பல்கலைக்கழகக் கல்விக் குழு அமைந்தது. ஒரே ஒரு சீர்திருத்தம்தான் சொல்லலாம் என்றால் தேர்வுமுறையைத்தான் சொல்வோம் என்று மறு ஆண்டு அறிக்கை தந்தது. 1950-களின் பிற்பகுதியில் ப்ளூமே இந்தியாவுக்கு வந்து, பள்ளித் தேர்வுச் சீர்திருத்தத்துக்காகப் பயிலரங்குகள் நடத்தினார். வேலையைக் குறைக்கப் பிறந்த ஏணி உங்கள் மேசையில் வேலையாக வந்து நிற்பதைப் பார்த்தால் அந்தத் தேர்வாளர்கள் என்ன சொல்வார்களோ!

கல்லூரி உங்களுக்கு உதவ நினைத்தால் ஒருநாள் பயிலரங்கும் சான்றிதழும் மட்டும் போதாது. கேள்வித்தாள் அச்சுக்குப் போகுமுன் துறையில் இன்னொருவர் உங்களோடு அரைமணி நேரம் உட்கார்ந்து, ‘இந்தக் கேள்வி எந்த விளைவை அளக்கிறது?’ என்று ஒவ்வொன்றாகக் கேட்டாலே பெரிய உதவி. அடுத்தது ரூப்ரிக், எப்படிப்பட்ட விடைக்கு எத்தனை மார்க் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் பட்டியல். அதை வைத்துக்கொண்டு ஒரே ஐந்து விடைத்தாள்களை இருவரும் தனித்தனியே திருத்திப் பாருங்கள். ஒரே விடைக்கு ஒருவர் 4, மற்றவர் 8 போட்டிருந்தால் மாணவரைக் குறை சொல்லுமுன் கேள்வியையும் ரூப்ரிக்கையும் திருத்த வேண்டும்.

இதையெல்லாம் எல்லாப் பாடத்துக்கும் ஒரே பருவத்தில் செய்ய முயலாதீர்கள். ஒரு பாடம், அதில் உங்களை உறுத்தும் ஒரு விளைவு போதும். உங்களுக்கு அது அநேகமாக அந்த மூன்றாவது கேள்வியாகத்தான் இருக்கும். முதல் இன்டர்னலில் அதைக் கட்டாயமாக்கி, 6 மார்க்குக்கு மேல் வாங்கியவர்களை எண்ணி, இரண்டாவது இன்டர்னலுக்கு முன் ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை வகுப்பில் விரித்துவைத்துப் படித்துக்காட்டுங்கள். பிறகு அதே மாதிரிக் கேள்வியை வேறு எண்களோடு கேட்டு மறுபடி எண்ணுங்கள். இரண்டு எண்ணிக்கைக்கும் இடையில் வகுப்பில் என்ன மாற்றினீர்கள் என்பதையும் ஒரு வரியில் எழுதி இணைத்துவிட்டால், 2.6.2-க்கு நீங்கள் தரவேண்டிய பதிலும் அதிலேயே இருக்கும்.