விரையப் படித்தலும் தெளியப் படித்தலும்

மெய்கண்ட நூல்களை ஆராயப்புகும் மாணாக்கர் பலர், "பக்கங்களோ பல, காலமோ சிறிது, விரையப் படித்தற்கு வழி யாது?" என வினாவுகின்றனர். வழி உண்டு. அது கண்ணின் ஓட்டத்தில் இல்லை. நூலின் அமைப்பை முன்னறிதலில் உளது.

சிவஞானபோதச் சூத்திரங்கள் 12, அடிகள் 40. இவற்றை நெட்டுருச் செய்து பொருளுணர்தற்கு எத்துணை நாளாயினும் ஆகுக. அதிகரணந்தோறும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்பன நிற்கும் முறையும் மனத்திற் படிதல் வேண்டும். அதன்பின் சிவஞான முனிவரது மாபாடியத்தைத் திறப்பின், எப்பகுதி எதனை நிறுவ எழுந்தது என்பது முன்னரே விளங்குதலின், படிப்புத் தானே விரையும்.

விரைவார் வழுக்கும் இடமொன்று உண்டு. உரைகளில் "எனின்" என முடிவது பெரும்பாலும் தடை. "அற்றன்று" எனத் தொடங்குவது விடை. இதனை நோக்காதார்க்கு மறுக்கப்படுவோன் கூற்றே ஆசிரியர் கொள்கையாகிவிடும். செய்யுளிலும் இவ்விடர் உண்டு. சிவஞானசித்தியார் பரபக்கத்தில் அருணந்தி சிவாசாரியார் 14 மதங்களையும் முதற்கண் அவ்வம்மதத்தார் கூறுமாறே கூறிப் பின்னர் மறுப்பர். அடியேன் இளமையில், நிரீச்சுர சாங்கியன் மதங்கூறும் செய்யுளொன்றைத் தத்துவப் பெயர்களின் ஒப்புமையான் மயங்கிச் சித்தாந்தத் துணிபென அவையில் எடுத்தோதினேன். தலைப்பை நோக்கியிருப்பின் அவ்விழுக்கு நேர்ந்திராது. முதியோர் ஒருவர் நகையாது திருத்தியது என் நல்வினை.

அன்றுதொட்டுத் தடைக்கு ஒரு புள்ளியும் விடைக்கு ஒரு கோடுமாக ஓரத்திற் கரிக்கோலாற் குறித்தே படிக்கின்றேன். ஓர் அதிகரணம் முடிந்தவுடன் நூலை மூடி, அதன் மேற்கோளையும் ஏதுவையும் சொந்தச் சொல்லாற் சொல்லிப் பார்க்க. வாராதாயின் அவ்வதிகரணத்தை மீளத் தொடங்குக.