டம்டம் காய்ச்சலும் விழுங்கணுவின் கைகளும்

டம்டம் என்றதும் கொல்கத்தாவில் வாழும் மாணவர்களுக்கு வானூர்தி நிலையமே நினைவுக்கு வரும். ஒரு காலத்தில் அப்பெயர் ஒரு கொடிய காய்ச்சலையும் குறித்தது. டம்டமில் பணியாற்றிவிட்டு இங்கிலாந்து திரும்பிய படைவீரர் ஒருவர் 1900ஆம் ஆண்டில் இறந்தார். அவருடைய மண்ணீரலில் நுண்ணிய உருவங்கள் சிலவற்றை வில்லியம் லீஷ்மன் என்னும் மருத்துவர் கண்டார். அதனை 1903இல் வெளியிட்டார். அதே ஆண்டில் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பணிபுரிந்த சார்லஸ் டோனவனும் தம் நோயாளிகளிடம் அவ்வுருவங்களைக் கண்டறிந்தார். இருவர் பெயரையும் இணைத்து அந்த ஒட்டுண்ணிக்கு 'லீஷ்மேனியா டோனவானி' என்று பெயர் சூட்டப்பட்டது. நாம் பிறந்த மண்ணும் வாழும் மண்ணும் இவ்வாறு ஒரு நோயின் வரலாற்றில் சந்திக்கின்றன.

அந்நோயே காலா அசார் எனப்படும் கருங்காய்ச்சல். மணல் ஈ கடிப்பதால் அது பரவுகிறது. காய்ச்சல் நாள்கணக்கில் நீடிக்கும்; மண்ணீரல் வீங்கும்; உடல் மெலியும். மருத்துவம் செய்யாவிடில் பெரும்பாலும் உயிர் தப்புவதில்லை.

இந்த ஒட்டுண்ணி ஒளிந்துகொள்ளும் இடந்தான் வியப்பானது. நோய்க்கிருமிகளை விழுங்கி அழிப்பதற்கென்றே நம் உடலில் விழுங்கணுக்கள் உள்ளன. லீஷ்மேனியா அவற்றின் உள்ளேயே குடியிருக்கிறது! காவலர் வீட்டிலேயே திருடன் தங்குவதைப் போன்றது இது.

எப்படி உள்ளே நுழைகிறது? விழுங்கணுவின் மேற்பரப்பில் 'ஏற்பிகள்' என்னும் புரதங்கள் உள்ளன. அவை அணுவின் கைகள் எனலாம். ஒவ்வொரு வகைக் கையும் குறிப்பிட்ட பொருளை மட்டுமே பற்றும். கைகளின் எண்ணிக்கை நிலையானதன்று. ஒரு பொருளைப் பற்றிய ஏற்பி அப்பொருளோடு அணுவின் உள்ளே இழுத்துக்கொள்ளப்படும். பின்னர் அது சிதைக்கப்படலாம். மீண்டும் மேற்பரப்புக்கு அனுப்பவும் படலாம். இன்டர்ஃபெரான் காமா என்னும் செய்திப் புரதம் வந்து சேர்ந்தால் விழுங்கணு சிலவகை ஏற்பிகளை மிகுதியாக உருவாக்கி வெளியே நிறுத்தும். தேவைக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் அணு தன்னை நடத்திக்கொள்கிறது.

சிலவகை ஏற்பிகள் பற்றினால் விழுங்கணு கிருமியின்மீது நச்சுப் பொருள்களைப் பொழியும். வேறு சில ஏற்பிகளோ அத்துணைச் சீற்றத்தைத் தூண்டுவதில்லை. குருதியிலுள்ள சில புரதங்களைப் போர்வைபோல் போர்த்திக்கொண்டு வரும் லீஷ்மேனியா, இந்த அமைதியான கைகளின் வழியாக உள்ளே செல்கிறது.

இந்நோய்க்கு மருந்து கண்டவர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி. சியால்தாவிலிருந்த கேம்பெல் மருத்துவமனையில், குழாய்நீரும் மின்விளக்கும் இல்லாத சிற்றறையில் அவர் உழைத்தார். 1920களின் தொடக்கத்தில் யூரியா ஸ்டிபமைன் என்னும் ஆன்டிமனி மருந்தை உருவாக்கினார். எண்ணற்றோர் பிழைத்தனர். அம்மருத்துவமனையே இன்றைய நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரி.

பின்னாளில் பீகாரில் ஆன்டிமனி மருந்துகளுக்குப் பலரிடம் நோய் கட்டுப்படவில்லை. எனவே மருந்தை மட்டுமன்றி, விழுங்கணுவையும் ஆராய வேண்டியதாயிற்று. யாதவ்பூரிலுள்ள இந்திய வேதி உயிரியல் நிறுவனத்தார் அதில் முன்னின்றனர். ஒட்டுண்ணி குடியேறிய விழுங்கணுவின் மேலுறையில் கொலஸ்டிரால் குறைந்து, உறை நெகிழ்ந்துவிடுவதை அவர்கள் கண்டனர். விழுங்கணு தான் பிடித்த கிருமியின் துணுக்கை மேற்பரப்பில் ஏந்திப் பிற வெள்ளணுக்களுக்குக் காட்ட வேண்டும். உறை நெகிழ்ந்தால் அது செவ்வையாக நடவாது. கைகள் இருந்தும் காட்ட இயலாத நிலை! ஆய்வகத்தில் கொலஸ்டிராலைத் திரும்பச் சேர்த்தபோது அந்த விழுங்கணுக்கள் மீண்டும் துணுக்குகளைக் காட்டத் தொடங்கின.

பயிற்சி

1. 'காவலர் வீட்டிலேயே திருடன்' என்னும் உவமை எதனை விளக்குகிறது?
2. ஒரு பொருளைப் பற்றிய ஏற்பிக்குப் பின்னர் என்ன நேரலாம்?
3. பிரித்து எழுதுக: அவ்வுருவங்கள், சிற்றறை, கருங்காய்ச்சல்.
4. உங்கள் வீட்டுப் பெரியோரிடம் பழங்காலக் காய்ச்சல்களைப் பற்றிக் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.